யாரும் கட் சொல்லவில்லை

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. போனில் கூப்பிட்டால் "ஷாட்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேசவும் முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. உட்கார்ந்து படி.

பாப்பாவை நடிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. ஏழு வயதுக்கு அவள் அடிக்கிற கூத்தை நீ பார்த்ததில்லை. துணிக்கடையில் நான் ஆல்டரேஷனுக்கு வந்த துணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். இவள் ட்ரையல் ரூம் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போய் வருகிற அம்மாக்களைப் போலவே இடுப்பைப் பிடித்துப் பார்த்து, "இங்க கொஞ்சம் லூசா இருக்குல்ல?" என்பாள். கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருக்கும் எங்கள் முதலாளியம்மாவே சிரித்துவிட்டார். விளம்பரத்தில் வருகிற பிள்ளைகள் எல்லாம் வானத்திலிருந்தா குதித்தார்கள்?

படப்பிடிப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதானே உன் வேலை. யார் யார் பிள்ளைகளையோ கைபிடித்துக் கூட்டிப்போய் கேமரா முன்னால் நிறுத்துகிறாய். சொந்த அண்ணன் மகளுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

போட்டோக்கள் வைத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்தவை. கவுன் நான் தைத்தது, மூன்று அடுக்கு ஃப்ரில். அடுத்த தெருவில் நடிப்புப் பயிற்சி தரும் ஒரு சாரிடமும் சேர்த்துவிட்டேன். முகபாவத்துக்கு எல்லாம் நம்பர் போட்டுக் கற்றுக்கொடுக்கிறார். நாலு என்றால் பயம், ஏழு என்றால் ஆச்சரியம். நம்பரைச் சொன்னால் போதும், பாப்பா டக்டக்கென்று மாற்றுகிறாள்.

உன் அண்ணனிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க ரெண்டு பேர் பாடு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். சிரிக்காமல் இருக்கவும் பார்த்தேன், போட்டோ வரைக்கும் தாக்குப்பிடித்தது. உதட்டுச்சாயமும் கண்மையும் பூசிக்கொண்டு அந்த ஃப்ரிலுக்கு நடுவில் நிற்பது நம் பொடிசுதானா, இல்லை வெட்டுவதற்குக் கொண்டுவந்து வைத்த கேக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் எடுக்கிறவர்கள் கவுனைப் பார்க்க மாட்டார்கள். இந்த முகம் தூங்கி எழுந்தால் எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பார்கள்.

வீட்டிலேயே எடுங்கள். பகல் நேரத்தில் ஜன்னல் பக்கம், வெறும் சுவரில் நிறுத்தி. எழுத்தும் படமும் இல்லாத ஒரே நிறச் சட்டை. முகத்தில் முடி விழக் கூடாது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. பல் விழுந்திருந்தால் விழுந்தபடியே இருக்கட்டும்.

நம்பர் சாருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். நடிக்க வைக்கிறேன் என்று உங்களிடமே காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள். நாங்கள் பிள்ளைகளிடம் தேடுவது அந்த ட்ரையல் ரூம் வாசல் கூத்தைத்தான். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். பொடிசிடம் கேட்டீர்களா? கடிதத்தில் முதலாளியம்மா சிரித்தது இருக்கிறது, அண்ணன் பேப்பர் படித்தது இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. கேளுங்கள். எந்த நாளிலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அங்கே வந்தால் அண்ணி என்ற சலுகை கிடையாது. அம்மாக்களுக்கு வெளியேதான் நாற்காலி. அம்மா கண்ணில் பட்டால் பிள்ளை நடிக்காது, அம்மா முகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 25

நாத்தனாரே,

கேக் என்று சொன்னதை மறக்க மாட்டேன். இருக்கட்டும்.

புதுப் போட்டோக்கள் உன் அண்ணன் எடுத்தவை. ஒன்றில் அவர் கட்டைவிரலும் வந்திருக்கிறது. அதற்கும் ஏதாவது சான்ஸ் இருந்தால் சொல்.

நம்பர் சாரை நிறுத்தியாயிற்று. மனிதர் முகத்தில் எந்த நம்பர் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாப்பாவிடமும் கேட்டேன். "அங்க நான் வேற யாரா வேணா இருக்கலாமா?" என்றாள். இருக்கலாம் என்றேன். "அப்ப வரேன். ஆனா சாயங்காலம் நானாவே வீட்டுக்கு வந்துடணும்" என்றாள். இப்போது திருப்தியா? சட்டமெல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறது. உன் வம்சம்தான்.

அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

ஆள் எடுத்த அன்று நீங்கள் வெளி நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது இது. பிஸ்கட் விளம்பரக்காரர், "உனக்கு என்ன வயசு பாப்பா?" என்று கேட்டார். இவள் "ஏழு" என்றாள். சொன்ன கையோடு கண்ணை உருட்டி வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டும் காட்டினாள். அவர் பயந்தே போனார். விளம்பரம் கிடைக்கவில்லை.

ஆனால் கேமராவை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கேமராக்காரரிடம் போய், "அங்கிள், உங்க பேன்ட் நீளம் ஜாஸ்தி, எங்கம்மாகிட்ட குடுங்க, அழகா மடிச்சுக் குடுப்பாங்க" என்று முழங்கால் போட்டு அளவு பார்த்திருக்கிறாள். அது அணையவில்லை. அதைப் பார்த்த ஒரு டைரக்டர் தன் சின்னப் படத்துக்கு இவள்தான் வேண்டும் என்கிறார்.

கதை இதுதான்: அம்மா பிள்ளையை ரயில் நிலைய பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிள்ளை காத்திருந்து அழுகிறது. கடைசியில் அம்மா திரும்பி வர, பிள்ளை ஓடுகிறது. அழும் காட்சி ஆகஸ்டில். ஓடும் காட்சி அக்டோபரில், அம்மாவாக வருகிற நடிகைக்கு அப்போதுதான் தேதி இருக்கிறது.

அழுகை என்றதும் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். எனக்கும் அதில்தான் கண். சில இடங்களில் பிள்ளையின் காதில் எதையாவது சொல்லி அழவைத்துவிடுவார்கள். என் கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது கிடையாது. மூச்சைச் சின்னச் சின்னதாக இழுக்கச் சொல்வேன், எதையோ விழுங்க முடியாத மாதிரி தொண்டையை இறுக்கச் சொல்வேன். கண்ணீர்ச் சொட்டை மேக்கப்காரர் விடுவார். உள்ளே எதுவும் உடைய வேண்டியதில்லை.

முடிந்ததும் டைரக்டர் சொல்கிற கட் கேமராவுக்கு. பிள்ளைக்கு நான் தனியாகச் சொல்வேன். முகம் கழுவி, சட்டை மாற்றி, எதிரே மண்டிபோட்டு வீட்டுப் பெயரால் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு படத்துல இருக்கா. நீ பொடிசு. எல்லாம் முடிஞ்சுது" என்பேன். அவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அம்மாவிடம் விடுவேன். நேரமாகும், அதுவரை அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 21

நாத்தனாருக்கு,

போனை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பாப்பா போட்டு வந்த படத்துச் சட்டையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், துவைத்து, பெட்டி போட்டு.

அத்தனை பேர் முன்னாலும் "வெளிய போங்க அண்ணி" என்றாய். லைட் பிடிக்கிற பையன் வரைக்கும் திரும்பிப் பார்த்தான். உன் அண்ணனைக் கைபிடித்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் அப்படி என்ன கொலை செய்தேன்? மத்தியானம் பூராவும் எடுத்ததையே எடுத்தார்கள். வெளிச்சம் போகிறது என்று கேமராக்காரர் முணுமுணுத்தார். "வேற குழந்தையைப் போட்டிருக்கலாம்" என்று டைரக்டர் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீ தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் உள்ளே போய் என் பிள்ளையின் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். பாப்பா அழுத அழுகையைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். டைரக்டர் எழுந்து நின்றார். உன் மூச்சுப் பயிற்சியில் வராதது என் ஒரு வார்த்தையில் வந்தது, அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் சாவி எங்கே இருக்கிறதென்று? பெற்றுப் பார்த்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சொல்லப்போனால் பிள்ளை திருந்தியிருக்கிறது. வந்ததிலிருந்து ஒரு அடம் இல்லை, சிணுங்கல் இல்லை. தட்டில் எதைப் போட்டாலும் காலியாகிறது. கேட்காமலே புத்தகத்தை அடுக்குகிறாள். கடைக்கு வந்தால் ட்ரையல் ரூம் பக்கம் போவதில்லை, என் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். "எப்படி இப்படி மாத்தினீங்க?" என்று முதலாளியம்மா கேட்கிறார். நடிக்கப் போனதில் வந்த ஒழுக்கம் என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதினேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

அண்ணி


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பெற்றுப் பார்த்திருந்தால் என்று எழுதிய அந்த அடி வலித்தது. அதைச் சொல்லாமல் மேலே எழுத வரவில்லை. சொல்லிவிட்டேன், விடுங்கள்.

எல்லார் முன்னாலும் உங்களைப் போகச் சொன்னது தப்புதான். கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நிதானம் இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் காதில் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறீர்கள். அவள் சட்டைக்குள் மைக் இருந்தது, அண்ணி. ஒலிப்பதிவு செய்கிறவர் பதிவானதைத் திருப்பிப் போட்டு, ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். "இதக் கேளுங்க" என்றார். கேட்டேன். "இப்ப நீ அழலேன்னா அம்மா உன்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன். வேற நல்ல பாப்பாவக் கூட்டிட்டு வந்து வளத்துக்குவேன்." அவர்கள் கைதட்டியது நடிப்பு என்று நினைத்து.

உங்களைக் கெட்ட அம்மா என்று நான் சொல்லவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தினமும் பார்க்கிறேன். தன் பிள்ளையை ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போது எந்த அம்மாவுக்கும் புத்தி வேலை செய்யாது. அந்தப் படபடப்பில்தான் சொன்னீர்கள். பஸ் ஏறும்போதே நீங்கள் மறந்திருப்பீர்கள்.

அவள் மறக்கவில்லை. நான் முகம் கழுவி, பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் படத்துச் சட்டையோடேயே அவளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அவளுக்கு யாரும் கட் சொல்லவில்லை. நீங்கள் ஒழுக்கம் என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடம் இல்லை, தட்டு காலி, பக்கத்திலேயே ஸ்டூல். அண்ணி, அவள் அந்த வேற நல்ல பாப்பாவாக நடித்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து படுக்கிற வரைக்கும். உங்கள் ஒருத்திக்காக.

தயவுசெய்து என்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு இதைத் தள்ளிவிடாதீர்கள். கவனித்துப் பாருங்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்க மாட்டாள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 10

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டிவைத்துப் படித்தேன்.

நேற்று காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். சொல்லாமல் போனேன், துணி எடுக்கப் போவதை யார் சொல்வார்கள்? இறங்கி வந்தால் பாப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தலையை அவளே சீவி, பின் குத்தியிருக்கிறாள். "எங்கடி கிளம்பிட்டே?" என்றேன். "நீ எங்க போனாலும் வர ரெடியா இருக்கேன்மா" என்றாள். அந்தச் சிரிப்பு, நம்பர் சார் கற்றுக்கொடுத்த சிரிப்பு.

துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டேன்.

பெற்றுப் பார்த்திருந்தால் என்று உனக்கு எழுதினேனே, எந்த வாயால் எழுதினேன் என்று இருக்கிறது. பெற்ற எனக்குத் தெரியாதது உனக்கு எழுத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் சொல். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அண்ணி


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நாம் இரண்டு பேரும் பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது பொடிசு.

உட்கார்ந்து சொல்லுங்கள், அவள் கண் மட்டத்தில். எதையும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லாதீர்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லாதீர்கள், முகம் தெரியாவிட்டால் அவள் நம்ப மாட்டாள். அம்மா சொன்னது பொய், நீ அழுதாலும் அழாவிட்டாலும், சமத்தாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் இருப்பேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் அழாமல் சொல்லுங்கள். நீங்கள் அழுதால் உங்களைத் தேற்றுவது அவள் வேலையாகிவிடும், ஏற்கெனவே அந்தக் குழந்தைக்கு வேலை அதிகம்.

உடனே எதுவும் மாறாது. "சரிம்மா" என்பாள். அதை நம்பாதீர்கள். காத்திருங்கள். அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தால் அடக்காதீர்கள்.

அக்டோபர் படப்பிடிப்பு பற்றி டைரக்டரிடம் பேசிவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "குழந்தை காதுல என்ன விழுந்துதுன்னு கேக்காமயே கைதட்டிட்டேனே" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் வராவிட்டால் பெஞ்சிலேயே கதையை முடித்துக்கொள்கிறேன் என்கிறார். அதனால் நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து நார் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைத் தள்ளி வைத்தேன். "ஷூட்டிங்ல அம்மா உன் காதுல சொன்னது பொய்டா. நான் எங்கயும் போகமாட்டேன். வேற பாப்பா யாரும் கிடையாது. நீ அழாட்டியும் இருப்பேன், சொல் பேச்சு கேக்காட்டியும் இருப்பேன்" என்றேன். அதற்குள் என் கண்ணீர் பீன்ஸ் மேலேயே சொட்டியது. பாப்பா என்னையே பார்த்தாள். "சரிம்மா" என்றாள். பீன்ஸைக் கொஞ்சம்கூடக் கீழே விழாமல் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். நீ சொன்னபடியேதான்.

அந்த வாரம் முழுக்க ஒன்றுமில்லை. சமத்து, சமத்து, சமத்து. வீட்டில் ஒரு விருந்தாளிப் பிள்ளை தங்கியிருக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

முந்தாநாள் சாயங்காலம் தட்டில் மறுபடி பீன்ஸ். ஒரு வாய் மென்றாள். நிறுத்தினாள். தட்டைத் தூக்கினாள் பார், சுவரில் போய் அடித்தது. "எனக்கு இது புடிக்கவே புடிக்காது" என்று கத்தினாள். அப்புறம் என்ன கத்து கத்தினாள் தெரியுமா? "நீ பொய் சொன்னே. அங்க யாரையும் எனக்குத் தெரியாது. நீ போயிட்டா நான் யார்கிட்ட கேப்பேன்? எனக்கு வீட்டு வழிகூடத் தெரியாது." என் காலில் உதைத்தாள். "போ. நீ போ" என்றாள். போகமாட்டேன் என்றேன். "போ" என்றாள். மாட்டேன் என்றேன். அவள் தொண்டை கட்டுகிற வரைக்கும் இதையேதான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உன் அண்ணன் ஓடி வந்து, "என்ன பழக்கம் இது" என்று அவளை அதட்ட வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க, அவ கத்தட்டும்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பீன்ஸை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை அந்த மனிதரிடம் எப்படி விளக்குவது? என் முழங்காலில் அவள் உதைத்ததில் நல்ல கன்றிப்போன தடம். யாராவது கேட்டால் மிஷினில் இடித்துக்கொண்டேன் என்கிறேன்.

நேற்று படப்பிடிப்பு பற்றி மெதுவாகக் கேட்டேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டேன். நிறைய யோசித்தாள். "ஓடற சீன் நடிக்கிறேன். ஆனா அத்தை முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் என்னக் கூட்டிட்டு வரக்கூடாது" என்றாள். சரி என்றேன். "மறுபடி யாராவது அழணும்னா உன்னக் கூப்பிடச் சொல்லு. நீ நல்லா அழறே. பீன்ஸெல்லாம் உப்புக் கரிச்சுது" என்றாள். வாய்க்கொழுப்பைப் பார்.

இன்று காலை கடைக்குக் கிளம்பினேன். பையை எடுத்தேன், சாவியை எடுத்தேன், வேண்டுமென்றே சத்தமாகத்தான் எடுத்தேன். அவள் வாசலுக்கு வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே எதையோ வரைந்துகொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்காமல், "போயிட்டு வாம்மா" என்றாள்.

தெருமுனை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்.

அண்ணி